வெள்ளவத்தைக் கரையில் செவ்வாய்க் கிரகம்

எங்கள் தொடர்மாடியில் கீழ்வீட்டில் இருக்கும் துஷ்யந்தி ஒரு விளம்பர நிறுவனத்தில் வேலை செய்கிறாள். போன மாதம் லிஃப்ட் பழுதாகி இருவரும் படிக்கட்டில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபோது, நான் வேலைக்குப் போன காலத்தில் என்ன செய்தேன் என்று கேட்டாள். விண்வெளிக் கதைப் புத்தகம் செய்தோம், சித்திரம் வரையாமல் ஆட்களை நிறுத்திப் படம் பிடித்து, படத்தின் மேல் அவர்கள் பேச்சை ஒட்டிச் செய்தோம் என்றேன். உடனே கைபேசியை எடுத்து ஒரு வரி எழுதினாள். நான் அடுத்த படிக்குக் கால் வைப்பதற்குள் திரையில் சிவப்பு மண்ணில் ஒரு பெண் விண்வெளி உடுப்போடு நின்றாள்.

“அன்ரி, இப்பிடி ஒண்டு செய்ய உங்களுக்கு எவ்வளவு நேரம் எடுக்கும்?”

“நாலு நாள். மழை பெஞ்சா ஆறு. கப்டனை வங்கியிலை ஞாயிறும் வேலைக்குக் கூப்பிட்டா அடுத்த மாதம்.”

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். “இதை எழுதுங்கோ அன்ரி. எங்கட ஒஃபிஸிலை ஒருத்தரும் நம்ப மாட்டினம்” என்றாள். நம்பாவிட்டால் போகட்டும். எழுதிவிடுகிறேன்.

முதலில் முடிவைச் சொல்லித் தொலைக்கிறேன். ஒரு தொழில் எப்படிப் படுத்தது என்று பக்கம் பக்கமாக அழுது எழுதுபவர்களை எனக்குப் பிடிக்காது. எங்கள் புத்தகங்கள் தொலைக்காட்சி வீட்டுக்கு வராத காலத்தில் பிறந்தன. மாதம் ஒன்று போதாமல் இரண்டு போட்ட காலமும் இருந்தது. கொழும்பில் வாசிகசாலைப் பிரதிக்குப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் கட்டுக்கட்டாக ரயிலில் போயிற்று. பிறகு தொலைக்காட்சி வந்தது, அதன் பின்னால் காலி வீதி முழுக்க வீடியோக் கடை வந்தது. எங்கள் புத்தகத்தின் ஆசிரியர் தன் உறவினர் வீட்டில் ஏதோ ஒரு வெளிநாட்டு விண்வெளிப் படத்தைப் பார்த்துவிட்டு மறுநாள் வந்து, “எங்கட கப்பல் பறக்கேல்லை எண்டு நேற்றுத்தான் எனக்குத் தெரிஞ்சது” என்றார். அதற்குப் பிறகு நாட்டில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். வாசித்த பிள்ளைகளில் எத்தனையோ பேர் விமானம் ஏறிப் போய்விட்டார்கள். கடைசிப் புத்தகம் கட்டுப் பிரிக்காமலே திரும்பி வந்தது. நான் ஒருநாள் அழுதேன். மறுவாரம் பாடப்புத்தகம் அச்சிடும் இடத்தில் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தேன். அவ்வளவுதான். இனி நல்ல பகுதிக்கு வருவோம்.

என்னை அந்த வேலைக்குக் கொண்டுவந்தது என் கையெழுத்து. வீடு வெள்ளவத்தை, அச்சகம் கொட்டாஞ்சேனை. நேர்முகப் பரீட்சையில் ஆசிரியர் கனகரத்தினம் சேர் ஒரு தாளைத் தந்து, ‘விண்வெளி’ என்ற சொல்லை ஒரு அரிசி அளவில் எழுதச் சொன்னார். எழுதினேன். பூதக்கண்ணாடியால் பார்த்தார். “ணகரம், ளகரம் ரெண்டும் குழம்பாமல் எழுதுறியள். திங்கக்கிழமை வாங்கோ” என்றார். முதல் ஆறு மாதம் கத்தரித்தேன், ஒட்டினேன், சேரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதில் விவரிக்க ஒன்றுமில்லை.

வேலை இப்படி. கதையை சேர் எழுதுவார். ஒரு பக்கத்துக்கு ஆறு படம். ஞாயிற்றுக்கிழமை காலையில் வெள்ளவத்தைக் கடற்கரைக் கற்பாறைகளில் படப்பிடிப்பு. அதுதான் எங்கள் செவ்வாய்க் கிரகம். கப்டன் ஒரு வங்கி இலிகிதர், விஞ்ஞானி மாலதியாக வருபவர் தொலைபேசி நிலையத்தில் வேலை செய்பவர். படம் பிடிப்பவர் பெர்னாண்டோ அய்யே; சிங்களத்தில் அய்யே என்றால் அண்ணன். நான் கொப்பியோடு பக்கத்தில் நிற்பேன். யார் எந்தப் பக்கம் பார்த்து, எதைச் சொல்லும்போது படம் விழுந்தது என்று குறித்துக்கொள்வது என் வேலை. பேச்சு அடைத்து வரும் அந்தக் குமிழியை நாங்கள் பலூன் என்போம். அதை எங்கே வைப்பது, அதன் வாலை யார் வாய்க்குத் திருப்புவது என்பதெல்லாம் அந்தக் கொப்பியைப் பார்த்துத்தான் தீர்மானிப்போம். படங்களைக் கழுவிப் பெரிதாக்கி, ஆட்களைச் சவர அலகால் வெட்டியெடுத்து, நட்சத்திரம் போட்ட பின்னணியில் ஒட்டுவோம். நட்சத்திரம் என்றால், கறுப்புத் துணியில் ஊசியால் குத்திப் பின்னால் விளக்குப் பிடிப்பது. கடைசியாக நான் மெல்லிய தாளில் பலூன் எழுதி, வெட்டி, படத்தின் மேல் ஒட்டுவேன்.

எங்கள் செவ்வாய்க் கிரகத்துக்கு ஒரு குறை இருந்தது. அதன் ஓரமாக ரயில் ஓடியது. கப்டன் இடுப்பில் கைவைத்து, “இங்கே உயிரினமே இல்லை” என்று சொல்லும் நேரம் பார்த்துப் பெர்னாண்டோ அய்யே, “கோச்சி எனவா!”, ரயில் வருகிறது, என்று சிங்களத்தில் கத்துவார். எல்லோரும் அப்படியே உறைந்து நிற்போம். பெட்டி நிறையத் தொங்கிக்கொண்டு வருபவர்கள் செவ்வாய்க் கிரகவாசிகளைப் பார்த்து விசில் அடிப்பார்கள். ஒருமுறை அது படத்திலேயே விழுந்துவிட்டது. புத்தகம் வெளிவந்த பிறகுதான் கண்டோம்: மலைக்குப் பின்னால் பாணந்துறைக் கோச்சியின் கடைசிப் பெட்டி. சேர் அதற்கு வருத்தம் தெரிவிக்கவில்லை. அடுத்த புத்தகத்தில் செவ்வாயில் கைவிடப்பட்ட ஒரு பழைய போக்குவரத்துப் பாதையைக் கப்டன் கண்டுபிடித்தார்.

சேர் ஓய்வு பெற்ற பௌதிக ஆசிரியர். வெள்ளைச் சேர்ட், கையில் அடிமட்டம். கோபம் வந்தால் குரல் இன்னும் தாழ்ந்துவிடும். அவர் மெல்லப் பேசினால் நாங்கள் நடுங்குவோம். பலூனை அடிமட்டத்தால் அளப்பார். பன்னிரண்டு சொல்லுக்கு மேல் இருந்தால், “இவ்வளவு கதைச்சால் இவருக்கு ஒட்சிசன் காணாது, மிஸ் மனோ” என்று திருப்பித் தருவார். எல்லோரும் எழுத்துத் தமிழில்தான் பேச வேண்டும். அதிலும் இரும்பன் விஷயத்தில் மிகக் கண்டிப்பு.

இரும்பன்தான் எங்கள் இயந்திர மனிதன், புத்தகத்தை விற்றுத் தந்த ஆள். மற்ற நடிகர்களின் பெயர் முதல் பக்கத்தில் வரும். அவனுக்கு மட்டும் ‘இரும்பனாக: இரும்பன்’ என்றுதான் போடுவோம். பிள்ளைகள் அவனுக்குக் கடிதம் எழுதினார்கள். என்ன சாப்பிடுவாய், மழையில் துருப்பிடிக்காதா, என் தம்பியைக் கொஞ்சம் வெருட்ட வருவாயா. சேர் ஒன்றுவிடாமல் பதில் எழுதினார். இரும்பனுக்குள் ஓர் ஆள் இருப்பது வெளியே தெரியக்கூடாது என்று எங்கள் எல்லோரிடமும் வாக்கு வாங்கியிருந்தார்.

உள்ளே இருந்தவர் பாரூக் நானா. கொட்டாஞ்சேனையில் அச்சகத்துக்கு இரண்டு தெரு தள்ளி இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். பீலித் தகரம், பிஸ்கட் பெட்டி, தேநீர் வடி, டோர்ச் பல்பு எல்லாம் அவர் கடைச் சரக்கு. இரும்பனின் உடம்பைத் தன் அளவுக்கே தட்டிச் செய்துவிட்டு, வேறு யாருக்கும் பொருந்தவில்லை என்று மிகவும் கவலைப்பட்டார். அந்தக் கவலையை நாங்கள் நம்பவில்லை. ஆளைக் கண்டால் சிரிப்பு வரும், கதைத்தால் இன்னும் வரும். கடைக்கு யார் எதைக் கேட்டு வந்தாலும், ஆணியோ கொழுக்கியோ, கேட்டு முடிக்க முன்னமே, “யோசிக்க வாணாம், சாமான் ஈக்கி!” என்பார். ‘இருக்கிறது’ அவர் வாயில் ‘ஈக்கி’. கொட்டாஞ்சேனையில் ஆணி வாங்கப் போன அத்தனை பிள்ளைக்கும் அது மனப்பாடம். அதனால்தான் சேர் இரும்பனை ஒரு சொல்கூடப் பேச்சுத் தமிழில் பேச விடவில்லை. “இயந்திரத்துக்கு ஊர் கிடையாது, மிஸ் மனோ” என்பார். இரும்பன் வரும் படங்களை வெள்ளவத்தையிலும் பிடிக்கமாட்டோம். பாரூக் நானாவை யாருக்கும் தெரியாத ஹெந்தளை மணல்மேட்டுக்குக் கொண்டுபோய்ப் பிடிப்போம்.

பாரூக் நானா ஊருக்கு மறைத்தார். ஆனால் வீட்டுக்குள் இரண்டு தகரக் கால்களை எங்கே மறைப்பது? மகள் பரீதாவுக்குப் பத்து வயது. அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததைப் பத்து வயதுப் பிள்ளை வகுப்பில் சொல்லாமல் வேறு எங்கே சொல்லும்? “எங்கட வாப்பாதான் இரும்பன்” என்றாள். வகுப்பே சிரித்தது. “உங்கட வாப்பா ஆணி விக்கிறவர்” என்றார்களாம். பரீதா விடவில்லை, சத்தியம் செய்தாள், சண்டையும் பிடித்தாள். வகுப்பாசிரியை அவளை எழுப்பி நிறுத்தி, ‘இப்பிள்ளை பொய் பேசுகிறார்’ என்று கொப்பியில் எழுதி, தகப்பனை வரச் சொல்லிவிட்டார்.

பாரூக் நானா போனார். மகள் பக்கத்தில் நிற்கிறாள், ஆசிரியை கேட்கிறார். சேருக்குக் கொடுத்த வாக்கும் நினைவில் நிற்கிறது. “புள்ள வெளாட்டுக்குச் செல்லீக்கும், டீச்சர்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

அன்றிலிருந்து பரீதா தகப்பனோடு பேசவில்லை. சாப்பாட்டுக்குக்கூட உம்மாவை விட்டுக் கூப்பிடுவித்தாளாம்.

ஒரு வாரம் பொறுத்துப் பாரூக் நானா அச்சகத்துக்கு வந்தார். நான் ஒட்டுமேசையில் இருந்தேன். அவர் சேருக்கு முன்னால் உட்காரவும் இல்லை.

“சேர், ஒரே ஒரு படத்துல தலய மட்டும் கழட்டுறேன். ஒரு படம். புள்ள வகுப்புல தலய குனிஞ்சிட்டு ஈக்கி, சேர். வெளயாடக்கூடப் போறல்ல.”

சேர் அடிமட்டத்தை மேசையில் வைத்தார். “பாரூக், எனக்கு விளங்குது. ஆனா எனக்குக் கடிதம் எழுதுற பிள்ளையளுக்கு நான் என்ன சொல்லுறது? அவையளுக்கும் நான் பொய் சொன்னவனாப் போவன்.” குரல் தாழ்ந்திருந்தது.

“சரி, சேர்” என்றார் பாரூக் நானா. அவ்வளவுதான். போகும்போது குடையை மறந்து வைத்துவிட்டுப் போனார். எனக்கு சேர் மீது வந்த கோபத்தில் கையிலிருந்த பலூனை இரண்டாக வெட்டிவிட்டேன். ஆனால் வாயைத் திறக்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அந்த ஞாயிறு ஹெந்தளையில் படப்பிடிப்பு. எரிபொருள் தீர்ந்துபோய், கப்டன் மணலில் முழங்காலிட்டு, “இனி நாம் பூமிக்குத் திரும்ப முடியாதா?” என்று கேட்கிறார். இரும்பன் சொல்ல வேண்டியது: “கவலை வேண்டாம். மாற்றுக் கலன் உள்ளது.” பாரூக் நானாவுக்கு மனம் சரியில்லை, தகரத்துக்குள் வெயில் வேறு. வசனம் மறந்துவிட்டது. முகமூடிக்குள்ளிருந்து, “யோசிக்க வாணாம், சாமான் ஈக்கி!” என்றது குரல். கப்டன் சிரிப்பை அடக்கினார், பெர்னாண்டோ அய்யே படத்தைப் பிடித்தார். இரும்பனுக்கு அசையும் வாயில்லை, ஆகவே படத்துக்கு ஒரு கெடுதலும் இல்லை. நான் வழக்கம்போலக் கேட்டதைக் கொப்பியில் குறித்தேன்.

அந்த வாரம் சேர் ஒரு செத்தவீட்டுக்கு யாழ்ப்பாணம் போய் இரண்டு வாரம் நின்றுவிட்டார். கதைத்தாளைத் தன் பையில் மறதியாகக் கொண்டுபோய்விட்டார். புத்தகம் அச்சுக்குப் போக வேண்டும். நான் என் கொப்பியை வைத்துக்கொண்டே பலூன் முழுவதும் எழுதினேன். கப்டன் கொச்சையாகச் சொன்னதை எழுத்துத் தமிழாக்கினேன், மாலதி தடுமாறியதைச் சீர்செய்தேன். இரும்பன் சொன்னதை அப்படியே எழுதினேன். எத்தனை வருடம் அந்தக் கடைக்கு ஊசி, ஆணி, கம்பி வாங்கப் போயிருப்பேன்! அது பேச்சுத் தமிழ் என்றே எனக்குப் படவில்லை. பாரூக் நானா சொல்ல வேண்டியதைத்தானே பாரூக் நானா சொல்கிறார். அச்சுப்பிழை பார்த்ததும் நான்தான். இருமுறை பார்த்தேன். எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை!

சேர் திரும்பி வந்தபோது புத்தகம் கடைக்குப் போய் இரண்டு நாள். மேசையில் உட்கார்ந்து வாசித்தார். பக்கம் திரும்பும் சத்தம் நின்றது.

“மிஸ் மனோ.” காதைத் தீட்டித்தான் கேட்க வேண்டியிருந்தது. “இரும்பனுக்கு எது ஊர்?”

நான் எட்டிப் பார்த்தேன். பலூனைக் கண்டேன். மூளைக்கு முன்னால் வாய் ஓடிவிட்டது. “கொட்டாஞ்சேனை, சேர்.”

அவர் சிரிக்கவில்லை. வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். அவரோ ஒரு தாளை எடுத்துச் சரியான வசனத்தை எழுதி, அந்தப் பலூன் அளவுக்குச் சின்னச் சின்னத் துண்டாக அச்சிடச் சொன்னார். விற்காத பிரதிகளில் பழைய பலூனுக்கு மேல் ஒட்ட வேண்டும். வெள்ளவத்தைக் கடைகளுக்குத் தானே போவதாகச் சொன்னார். கொட்டாஞ்சேனை எனக்கு. துண்டுகளும் பசைப் போத்தலும் ஒரு பையில் போட்டுக்கொண்டு அடுத்த நாள், சனிக்கிழமை, புறப்பட்டேன்.

முதல் புத்தகக் கடையில் பிரதி இல்லை. இரண்டாவதிலும் இல்லை. “எல்லாம் போயிட்டு, மிஸ். பிள்ளைகள் வந்து அள்ளிட்டாங்க” என்றார் கடைக்காரர். பாரூக் நானாவின் கடைப் பக்கம் திரும்பினேன். வாசலில் ஒரு படை நின்றது. எல்லாம் பத்துப் பன்னிரண்டு வயது. ஒவ்வொரு கையிலும் புத்தகம். பரீதாவின் வகுப்புப் பிள்ளைகள் முன்வரிசையில். அவள் கடைக்குள், கம்பிச் சுருளுக்குப் பக்கத்தில், தகப்பனைப் பார்க்காமல் நின்றாள்.

பாரூக் நானா மேசைக்குப் பின்னால் வியர்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகம் இன்னும் வெளிறியது. பையிலிருந்து பசைப் போத்தல் எட்டிப் பார்த்தது, நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று அவருக்கு விளங்கிவிட்டது. வாக்கை வாங்கியவரின் ஆள் நேரிலேயே வந்து நிற்கிறாள்.

முன்னால் நின்ற ஒரு பெண்பிள்ளை, பரீதாவை முதலில் பொய்க்காரி என்று சொன்னவள் அவள்தான் என்று பிறகு அறிந்தேன், பொலிஸ்காரர் போல மேசையில் கை வைத்தாள்.

“ரெண்டு அங்குல ஆணி ஈக்கா?”

எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள். வாழ்நாள் முழுக்க ஒரு நாளைக்கு நூறு தடவை சொன்ன சொல். இப்போது அதைச் சொன்னால் வாக்குத் தவறும். சொல்லாவிட்டால் மகள் பொய்க்காரியாகவே இருப்பாள். பாரூக் நானா என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். தன் சொல்லை விட்டுத் தப்புவதற்கு வேறொரு சொல்லைத் தேடினார். அவருக்குத் தெரிந்த வேறு தமிழ் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. நிமிர்ந்து, நெஞ்சை விறைத்து, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார்:

“கவலை வேண்டாம். ஆணி உள்ளது.”

அடுத்த கணம் தெரு முழுக்கக் கேட்கும்படி கூச்சல். “இரும்பன்! இரும்பன்!” புத்தகங்கள் மேலே பறந்தன. பக்கத்துப் பேக்கரிக்காரர் மா அப்பிய கையோடு ஓடிவந்தார். பாவம் பாரூக் நானா, “வாணாம், வாணாம், சும்மா ஈங்க!” என்று கும்பிடாத குறையாகக் கெஞ்சினார். அதுவும் அச்சில் வந்தது போலவே இருந்ததால் பிள்ளைகள் இன்னும் கத்தினார்கள். கேள்வி கேட்ட பெண்பிள்ளை மட்டும் கத்தவில்லை. அவள் பரீதாவிடம் போய், “தலயக் கழட்டினா உள்ளுக்கு என்ன ஈக்கி?” என்று மெதுவாகக் கேட்டாள்.

பரீதா அவளைத் தாண்டி நடந்தாள். நேரே மேசைக்கு வந்தாள். “வாப்பா, திங்கக்கெழம வந்து டீச்சர்ட்ட செல்லுங்க” என்றாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு தகப்பனோடு பேசிய முதற்பேச்சு அது. பாரூக் நானாவின் கண் கலங்கிவிட்டது. அவர் என்னைப் பார்த்தார்.

“போங்கோ நானா. சேருக்கு நான் சொல்லுறன்” என்றேன். முன்பு திறக்காத வாய் அப்போதாவது திறந்தது.

அச்சகத்துக்கு வந்து நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். சேர் வெள்ளவத்தையில் ஒட்டிவிட்டு வந்த பசை விரலில் காய்ந்திருந்தது, அதை உரித்துக்கொண்டே கேட்டார்.

“கடைசியா அவர் என்ன சொன்னவர்?”

“‘கவலை வேண்டாம். ஆணி உள்ளது.’”

சேர் யோசித்தார். “வசனம் பிழையில்லை” என்றார். பிறகு தோள் குலுங்கத் தொடங்கியது. அவர் சிரித்து நான் கண்டது அன்றுதான் முதல்தடவை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, மிச்சத் துண்டுகளைக் குப்பைக் கூடையில் கொட்டச் சொன்னார். அடுத்த புத்தகத்திலிருந்து இரும்பன் கொட்டாஞ்சேனைத் தமிழ் பேசினான். எங்கள் விற்பனை உச்சிக்குப் போனது அதற்குப் பிறகுதான். பிள்ளைகள் கடிதம் எழுதுவதையும் நிறுத்தவில்லை. முகவரியில் கடையின் பெயரையும் சேர்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

பள்ளிக்கூடத்தில் நடந்ததைப் பாரூக் நானா அடுத்த ஞாயிறு ஹெந்தளையில், இரும்புக் காலோடு மணலில் உட்கார்ந்து பிளேன்ரீ குடித்தபடி சொன்னார். திங்கட்கிழமை கடையைப் பூட்டிவிட்டு மகளோடு போனாராம். வகுப்பு முழுக்கப் பார்த்திருக்க, “பொய் சென்னது புள்ள இல்ல டீச்சர், நான்தான்” என்றாராம். ஆசிரியை நல்ல மனுஷி. உடனே கொப்பியை வாங்கி, தான் எழுதியதைக் கோடு போட்டு வெட்டிவிட்டு, “சரி பரீதா, இருங்க” என்றாராம்.

பரீதா இருக்கவில்லை. வெட்டினால் போதாது என்றாள். ‘இப்பிள்ளை உண்மை பேசுகிறார்’ என்று கீழே எழுதி, ஆசிரியை கையொப்பமிட்டு, தகப்பனும் கையொப்பமிட்ட பிறகுதான் வாங்கில் உட்கார்ந்தாள்.